நகர்த்தப்பட்ட நாற்காலிக்கு எத்தனை நட்சத்திரம்?

1

இந்தக் கதை ஒரு சமையலறை நாற்காலியிலிருந்து வந்தது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அமெரிக்காவில் எங்கள் பிட்ஸ்பர்க்கில் பனியை வாரித் தள்ளிக் கார் நிறுத்த இடம் பண்ணினவர், அதில் ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனால் அந்த இடம் அவருடையது. சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆனாலும் இத்தனை வருஷத்தில் அதை நகர்த்திய ஓர் ஆளை நான் பார்த்ததில்லை.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: "மார்லா வெசெலி ஈவிரக்கமற்ற விமர்சகி, அவள் பேனாவைக் கண்டாலே இயக்குநர்கள்—"

(சே! அவளைத் தெரிந்தவர்கள் என்னை அடிக்க வருவார்கள். பிடித்த படத்தைப் பற்றிப் பேசினால் குரல் தழுதழுத்துவிடும் அவளுக்கு.)

2

மார்லா உள்ளூர்ப் பத்திரிகையில் படங்களுக்கு நட்சத்திரம் போடுகிறாள். நான்குதான் உச்சம். இந்த வாரம் 'கடைசிக் குழாய்'. இதே ஊர்க்காரி காலீன் டோலன் இயக்கிய முதல் படம். மார்லா மூன்று போட்டால் இரண்டாவது வாரமும் ஓட்டுவேன், குறைந்தால் வெள்ளிக்கிழமையே தூக்கிவிடுவேன் என்று தியேட்டர் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். வேறு தியேட்டர் எதுவும் அந்தப் படத்தைச் சீந்தவில்லை.

படத்தின் கதை இது: இனி வரப்போகும் ஒரு பிட்ஸ்பர்க். தண்ணீருக்குப் பங்கீடு. கதவு, கம்பி, படிக்கட்டு எல்லாம் திருட்டுப் போகிறது. குழாய்க் காவலாளி ஒருவன் கொல்லப்படுகிறான். ஒரு பெண் போலீஸ் துப்பறிகிறாள்.

காலைக் காட்சி முடிந்ததும் மார்லா எழுத உட்கார்ந்தாள். நிறைகளுக்குப் பஞ்சமே இல்லை. சொட்டும் குழாயின் சத்தத்தை வைத்தே குலைநடுங்க வைத்துவிட்டாள் பாவி மகள். அழிவை அழகாகக் காட்டி நம்மை ரசிக்கச் சொல்லவில்லை. அந்தப் பெண் போலீஸ் களைத்துப்போய் ஷூவைக் கழற்றும் காட்சி ஒன்று போதும், காலம் முழுக்க மறக்காது.

குறைகள்? வில்லன் மூச்சுவிடாமல் பேசும் தத்துவம். அப்புறம், எல்லாவற்றையும் கவிழ்த்த ஒன்று: 'கொலைகாரன் யாரென்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது.' துப்பறியும் படத்துக்கு இதைவிடப் பெரிய ஓட்டை வேண்டுமா? இரண்டரை போட்டாள். மனசே இல்லை. ஆனால் அரை நட்சத்திரத்தை இனாமாகக் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை.

(குறிப்பு: இங்கே காலீன் அழுதுகொண்டே வந்து நிற்கும் காட்சி இருந்தது. தூக்கிவிட்டேன். காலீன் அப்படி வருகிறவள் இல்லை.)

3

மார்லாவின் தங்கை புருஷன் டுவேன் அரிசோனாவிலிருந்து வந்திருந்தான். பனியை டிவியில் மட்டுமே பார்த்த மனுஷன். வீட்டில் அடைந்து கிடக்க முடியவில்லை என்று நச்சரித்தான். விமர்சனத்தை மாலைக்குள் அனுப்பினால் போதும் என்பதால், மத்தியானக் காட்சிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

படத்தின் கடைசிக் காட்சியில் டுவேன் எழுந்தே நின்றுவிட்டான். மடியிலிருந்த சோளப்பொரி தரையெல்லாம் இறைந்தது.

"அடப்பாவி! இவனா?"

"என்னத்த இவனா? ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சே!"

"எப்படித் தெரியும்? தங்கமான ஆளு மாதிரில்ல இருந்தான்! தன் பங்குத் தண்ணியக் கூட அந்தக் கிழவிக்குக் குடுத்தானே!"

"குடுத்தான். அதுக்கு முன்னாடி தெருவுல நாற்காலிய நகத்திட்டுக் கார நிறுத்தினானா இல்லையா?"

"எந்த நாற்காலி?"

"எந்த நாற்காலின்னா கேக்கறே? கண்ண எங்க வச்சிருந்தே?"

"ஓ, அந்த ஓட்ட நாற்காலியா? வழியில குப்பையாக் கிடந்துச்சு, ஓரமா வச்சான். நல்ல காரியம்தானே? காலையில உங்க எதிர்வீட்டு முன்னாடி கிடந்தத நான்கூட அப்படித்தான் ஓரமா வச்சேன்."

"ஐயோ கடவுளே! டுவேன்!"

"ஏன், என்ன ஆச்சு?"

"மொதல்ல வீட்டுக்கு நட. எதிர்வீட்டுக்காரர் கால்ல விழுந்துட்டு அப்புறம் பேசலாம்."

4

வழியெல்லாம் மார்லா படத்தை மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஊர் முழுக்கத் திருட்டுப் போயும் நாற்காலிகளை மட்டும் யாரும் தொடாத நகரம் படத்தில் வருவது. மிச்சமிருந்த அந்த ஒரே ஒரு நியாயத்தைக் கொலைகாரன் அசைத்தான். வெளியூர்க்காரனுக்கு இது மர்மப் படம். இந்த ஊர்க்காரிக்கோ, தெரிந்தும் கத்த முடியாமல் உட்கார்ந்திருக்கும் தண்டனை. அந்தப் பெண் போலீஸ் கொலைகாரனோடு சூப் குடித்தபோது தான் இருக்கையில் நெளிந்தது அலுப்பால் இல்லை, பயத்தால்! காலீன் இதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறாள். என்ன நெஞ்சழுத்தம்! மார்லாவுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

5

முடிவு அ: நான்கு நட்சத்திரம், நிரம்பி வழியும் தியேட்டர், கைதட்டல்— (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: அனுப்புவதற்குள் பத்திரிகை ஆசிரியர்— (வேண்டாம்.)

நடந்தது இதுதான். 'கொலைகாரன் யாரென்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது' என்ற வாக்கியத்தை மார்லா குறைகளிலிருந்து எடுத்தாள். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. நிறைகளில் முதல் வரியாக வைத்தாள். வில்லனின் தத்துவத்தை மட்டும் குறைகளிலேயே விட்டுவிட்டாள். அதற்கு மன்னிப்பே கிடையாது. பிறகு இரண்டரையை அழித்தாள்.

அழித்த இடத்தில் என்ன போட்டாள் என்று நான் சொல்வதாக இல்லை. பனியெல்லாம் வாரி அந்த இடத்தைச் சுத்தம் பண்ணி, நடுவில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். அது உங்கள் இடம். இந்த ஊரில் யாரும் தொட மாட்டார்கள்.

டுவேன் வருவதற்குள் வந்துவிடுங்கள்.