பின்சீட்டின் இடது ஓரம்

என் தங்கை முன்சீட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏறுண்ணா, பின்னாடி வசதியா சாஞ்சு உக்காந்துக்கோ" என்றபோது நான் அண்ணாந்து பார்த்தேன். வானம் கருகருவென்று கிடந்தது.

"ஸ்டேஷன் என்ன அவ்வளவு தூரமா? நடந்தே போயிடறேனே."

"பெட்டியைத் தூக்கிக்கிட்டா? பேசாம ஏறு."

ஏறினேன். ஸ்டியரிங்கில் மாப்பிள்ளை, தங்கையின் புருஷன். பின்னால் வலது பக்கம் பெட்டி, இடது ஓரம் நான். இரண்டே கதவுள்ள கார் அது. கூரை கெட்டித் துணி. வேண்டுமென்றால் மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். பின்சீட்டில் மாட்டியவன், முன்னால் இருப்பவர்கள் இறங்கி வழிவிட்டால்தான் வெளியே வரமுடியும். எட்டு மாதம் முன்பு வரை அது என் கார். மழை வந்தால் எந்த இடத்தில் ஒழுகும் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சரியாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மொட்டை மாடி ஒழுகாமல் இருக்கப் பூசும் பெயிண்டை விற்பது என் பிழைப்பு. சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அந்தக் காரைப் பழையதாக வாங்கிய நாளிலிருந்து ஒரு வருஷம் அதன் பெருமையை வாய் ஓயாமல் பேசித் தீர்த்திருக்கிறேன், அதிகமாகத் தங்கையிடம்தான். முதல் மழையிலேயே பின்சீட்டுக் கம்பளம் ஊறிவிட்டது என்று மட்டும் சொல்லவில்லை. கூரைத் தண்ணீரைக் கீழே இறக்கும் குழாய் கூரை ஓரத்திலேயே உள்ளுக்குள் கிழிந்திருக்கிறது, கூரையையே கழற்றினால்தான் மாற்றலாம் என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டான்.

பிறகு எனக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு கதவுக் காரில் அவர்களை ஏற்றி இறக்க முடியாது, விற்கப்போகிறேன் என்றேன். "வேற யார்கிட்டயும் கொடுத்துடாதே, நீ ஓட்டின வண்டி எங்க வீட்டுக்கே வரட்டும்" என்று தங்கை ஒற்றைக் காலில் நின்றாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வறட்டு கௌரவம், நாக்கு எழவில்லை. பக்கவாட்டு அட்டையைக் கழற்றி, கிழிந்த குழாய்க்கு அடியில் பிள்ளைகளின் டயபர் ஆறை அடைத்தேன். கம்பளத்தை மூன்று நாள் ஹேர் டிரையரால் காயவைத்தேன். வாடை போக சீட்டுக்கு அடியில் காபித்தூள் வைத்தேன். துடைத்து மெருகேற்றிச் சாவியை நீட்டியபோது அவள் கண்ணெல்லாம் சிரிப்பு.

இப்போது பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நெருக்கியடித்து நின்றுவிட்டன. மழை பிடித்துக்கொண்டது. கூரை மேல் சடசடவென்று சத்தம், கண்ணாடியெல்லாம் புகை மாதிரி மூடிக்கொண்டது. உள்ளே ஈரச் சாக்கு வாடை. முதல் சொட்டு என் தோளில் விழுந்தது. இரண்டாவது கழுத்துக்குள் இறங்கியது. நான் அசையவில்லை.

தங்கை திரும்பிப் பார்த்துவிட்டாள். "ஐயோ, அண்ணன் மேல ஒழுகுது! பாருங்க, எங்க அண்ணனை நனைய விடறீங்க!"

மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "பார்க்கிறேன்மா" என்றார். பேக்கரியில் அடுப்பு வேலை அவருக்கு. அனல் முன்னால் நின்று நின்று பேச்சே வற்றிப்போனவர்.

"என்னத்தப் பார்க்கிறீங்க? அண்ணன்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு சொட்டு வந்திருக்குமா? எப்படிப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தான்! உங்க கைக்கு வந்துச்சு, போச்சு. கூரையை முரட்டுத்தனமா இழுத்து மூடினா ரப்பர் கிழியாதா?"

"கிழிஞ்சிருக்கும்."

"மழை வந்தா நான் துணியைப் பிழிஞ்சுக்கிட்டே இருக்கணும். வித்துத் தொலைக்கலாம்னா, ஒழுகுற வண்டியை எவன் தலையிலயாவது கட்ட மனசு வருமா? அது பாவம் இல்லையா, சொல்லுண்ணா."

"பாவம்தான்" என்றேன். கழுத்தில் இறங்கியது மழையா வேர்வையா என்று தெரியவில்லை. கதவு என் பக்கம் இருந்திருந்தால் பாலத்திலேயே குதித்து ஓடியிருப்பேன். அந்த மனுஷனை என் காது கேட்க என் பாவத்துக்காக வறுத்தெடுக்கிறாள்; அவர் தலையாட்டிக்கொண்டே இருக்கிறார். ஸ்டேஷன் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் அவள் திரும்பி, தன் துப்பட்டா நுனியால் என் தோளைத் துடைத்தாள்.

ஸ்டேஷன் வாசலில் வண்டி நின்றதும் தங்கை குடையை விரித்தாள். "நீ இரு, நனையாதே. எந்த பிளாட்பாரம்னு பார்த்துட்டு வரேன்." கதவைச் சாத்திவிட்டு ஓடினாள்.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த வண்டி..."

"தெரியும் மச்சான்."

அவர் திரும்பவில்லை. கண்ணாடியைக் கையால் துடைத்துக்கொண்டே பேசினார். "முதல் மழைக்கே அட்டையைக் கழட்டிப் பார்த்தேன். ஆறு டயபர், தலகாணி மாதிரி ஊதிப்போய் இருந்துச்சு. எங்க வீட்ல குழந்தை இல்லையே, இது எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்ல புரியலை. அப்புறம் புரிஞ்சுது. அவ மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தா. இறங்கி வர்றதுக்குள்ள மூட்டை கட்டி பேக்கரி குப்பையில கொண்டுபோய்ப் போட்டேன்."

வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "எட்டு மாசமா சொல்லாம திட்டு வாங்கறீங்களா? இப்பவே அவகிட்ட உண்மையைச் சொல்லிடறேன். வண்டியையும் நானே திரும்ப எடுத்துக்கறேன்."

"வேண்டாம்."

"என்னால தாங்க முடியலை மாப்பிள்ளை."

இப்போதுதான் திரும்பினார். கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "சொன்னா உங்களுக்கு மனசு லேசாயிடும். அவளுக்கு? அப்பாவும் போயாச்சு, அம்மாவும் போயாச்சு. பொறந்த வீடுன்னு சொல்லிக்க அவளுக்கு நீங்க ஒருத்தர்தான். அக்கம்பக்கத்துல உங்களைப் பத்திப் பேசாத நாள் இல்லை. திட்டு எனக்கு ஒண்ணும் பண்ணாது. நீங்க வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்."

கதவு திறந்தது. மழையோடு தங்கை தலையை உள்ளே நீட்டினாள். "மூணாவது பிளாட்பாரம், இன்னும் நேரம் இருக்கு. என்ன ரெண்டு பேரும் ரகசியம்?" பிறகு அவளுக்கு ஒரு யோசனை தோன்றி முகம் மலர்ந்தது. "அண்ணா, போறதுக்கு முன்னாடி இவருக்குக் கூரையை எப்படி மூடணும்னு ஒழுங்கா சொல்லிக் கொடுத்துட்டுப் போ. நான் சொன்னா ஏறாது, நீ சொன்னா கேப்பார்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மாணவன் மாதிரி என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"மெதுவா இழுக்கணும் மாப்பிள்ளை" என்றேன். "கொக்கியை மாட்டறதுக்கு முன்னாடி ரப்பரை ஒரு தடவை துடைச்சிடணும்."

"சரி மச்சான்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் தங்கை, பெருமை தாங்காமல்.

"கேட்டுக்கிட்டேன்" என்றார்.