எது முதலில் உருகும்

பிறந்து ஏழு வாரம். எடை நாலரைக் கிலோ. ஆனால் அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அவளுக்கு முறைப்படி ஒரு பெயர் உண்டு. அழ ஆரம்பித்தால் நெற்றியிலிருந்து உள்ளங்கால் வரை சிவந்துவிடுவதால் அப்பாவும் அம்மாவும் அவளை மிளகாய் என்றே கூப்பிட்டார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு, நிஜப் பெயர் தடுப்பூசி அட்டையில் மட்டும் மிஞ்சிவிட்டது.

மிளகாய்க்குத் தூக்கம் வராமல் இல்லை. வரும். கண் சொக்கும், வாய் திறக்கும், அப்பாடா என்று நாம் மூச்சு விடுவோம். அந்த நேரம் பார்த்து அவளுடைய இரண்டு கைகளும் தாமாகத் துள்ளும். விரல்களை விரித்துத் தூக்கி, தன் கையாலேயே தன் மூக்கில் ஒன்று வைத்துக்கொண்டு, யாரோ அடித்துவிட்டார்கள் என்று ஊரைக் கூட்டுவாள். கைகளை அணைத்து ஒரு துணியில் சுற்றிவிட்டால் துள்ளல் நிற்கும். ஆனால் அந்த வீடு மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்தது. கோடை வெயில் பூராவும் அங்கேதான் இறங்கியது. சுற்றினால் வேர்த்துக் கொட்டி எழுந்துவிடுவாள். சுற்றாவிட்டால் கை துள்ளி எழுந்துவிடுவாள். இந்தப் பொடிசு இரண்டு பெரியவர்களின் கண்ணிலும் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவிடம் மட்டும் தூங்குவாள். மடியில் போட்டு, ஒரு கையால் அந்த இரண்டு குட்டிக் கைகளையும் பிடித்துக்கொண்டு, அம்மா அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் இல்லை ஐயா, இரண்டு மணி நேரம். அப்பா மடி என்றால் மகாராணிக்கு ஆகாது. அங்கே போட்டதும் முதுகை வில்லாக வளைத்துக் கத்துவாள்.

சரி, அம்மா மடியிலேயே தூங்கட்டும் என்று விடவும் முடியவில்லை. அம்மா தையல்கடையில் துணி வெட்டுபவள். பொத்தான் துளை போடுவதில் ஆரம்பித்து, ஒன்பது வருஷம் மற்றவர்கள் வெட்டிக் கொடுத்ததைத் தைத்து, கடைசியில் வெட்டு மேசைக்கு வந்தவள். அந்தக் கடையில் வெட்டு மேசை ஒன்றுதான். வெட்டுபவர் கைதான் கடையின் பேர். பிரசவத்துக்குப் போனபோது கடை நடத்தும் மாஸ்டர், “திங்கட்கிழமை எட்டாம் தேதி வரைக்கும் மேசை உனக்குத்தான். அதுக்கு மேல என்னால தாங்க முடியாதும்மா,” என்று சொல்லியிருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் பள்ளிக்கூடச் சீருடை நானூறு வெட்டாமல் நின்றது.

மதியம் ஒன்றிலிருந்து ஆறு வரை வேலை. அவள் கணவர் ஐஸ் ஃபேக்டரியில் அதிகாலை ஷிப்ட். பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். பால் பிழிந்து வைத்துவிட்டுப் போகலாம், புட்டியில் குடிக்கிறாள். எல்லாம் பொருந்தி வந்தது. மதியம் அவரிடம் தூங்குவாளா என்பது மட்டும்தான் பாக்கி.

வியாழக்கிழமை அவள் மாஸ்டரைப் பார்க்கப் போனாள். ஒரு மணி நேரம்தான்.

“குழந்தையை யாரும்மா பாத்துக்குவா?” என்று மாஸ்டர் கேட்டார்.

அவள் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அவரும் அதற்கு மேல் தோண்டவில்லை.

படியேறும்போதே அழுகை கேட்டது. தொண்டை கட்டிப்போன அழுகை. உள்ளே போனால், மிளகாய் ஒரு தடித்த டவலுக்குள் இருந்தாள். அதற்கு மேல் ஒரு கம்பளி. அதற்கு மேல் ஒரு கயிறு இல்லாததுதான் குறை. முகம் செக்கச்செவேல் என்றிருந்தது, தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டிக்கிடந்தது.

“ஐயோ, என்னங்க இது! வெளிய அனலா அடிக்குது, கம்பளியிலயா சுத்துவாங்க?”

“அனலா அடிக்குதுன்னுதானே சுத்தினேன்,” என்றார் அவர். நிஜமாகவே புரியாமல் சொன்னார். “சூடு உள்ள போகக் கூடாதுல்ல?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினாலு வருஷமாக அந்த மனிதர் வெயிலில் செய்த வேலை அது ஒன்றுதான். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்று, மேலே இன்னொரு சாக்கு, சந்து விடாதே, எவ்வளவு தடிமனோ அவ்வளவு நேரம் ஜில்லென்று நிற்கும். மகளையும் அப்படியே கட்டி வைத்திருக்கிறார்!

“பாப்பா என்ன ஐஸ் கட்டியா? அவ உடம்புக்குள்ளயே அடுப்பு எரியுதுங்க! அந்தச் சூடு எங்க போகும்?” அவள் கை அதற்குள் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டிருந்தது. ஈரத்துணியால் ஒற்றி, காற்றுக்குக் காட்டி, பால் கொடுத்தாள். அரை மணியில் குழந்தை நிறம் மாறிச் சாதாரணமாக மூச்சு விட்டது. அம்மாதான் ஆறவில்லை. “கழுத்தைத் தொட்டுப் பாக்கத் தெரியாதா?”

“தொட்டுப் பாத்தேனே. சூடு ஒண்ணும் தெரியல.”

“பொய் வேறயா?”

அவர் கம்பளியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

சாயங்காலம் அவள் தேநீர் போட்டாள். கோபம் கோபம்தான், தேநீர் தேநீர்தான். கொதிக்கக் கொதிக்க டம்ளரில் ஊற்றி, விளிம்பைத் துணியால் பிடித்து நீட்டினாள். அவர் வெறும் கையால் டம்ளரை முழுசாகப் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. கையை மாற்றவே இல்லை.

“சுடலையா?”

“என்னது?”

“டம்ளர். கையில சுடலையா?”

அவர் கீழே பார்த்தார். “இந்தக் கைக்கு எங்க தெரியுது? ஐஸ் தூக்கித் தூக்கி மரத்துப்போச்சு. கோடையில லோடு ஜாஸ்தி, இன்னும் மோசம்.” சொல்லும்போதே அவர் முகம் மாறியது. “அப்ப… பாப்பா கழுத்து சுட்டிருக்கு. எனக்குத்தான் தெரியல.”

ஐந்து வருஷம் குடும்பம் நடத்தியும் தனக்கு இது தெரியவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. “பொய்னு சொன்னது என் தப்புங்க,” என்றாள். ஆனால் அதோடு பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. சூடு தெரியாத கையில் எப்படி விட்டுவிட்டுப் போவது? “மாஸ்டர்கிட்ட வேணாம்னு சொல்லிடுறேன்,” என்றாள். ஒன்பது வருஷம்.

“திங்கக்கிழமை வரைக்கும் பொறு.”

“பொறுத்தா? புதுசா கை முளைக்குமா?”

“பொறு,” என்றார் மறுபடியும். அதிகம் பேசுகிற ஆள் இல்லை அவர்.

சனிக்கிழமை மதியம் அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால், சமையலறைத் தரையில் வரிசையாக ஐந்து தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு மூட்டை. ஒன்று டவல், ஒன்று கம்பளி, ஒன்று படுக்கை விரிப்பு, ஒன்று அவள் தைக்க வைத்திருந்த வழவழப்பான லைனிங் துணி, ஒன்று பருத்தி மல் துணி. நடுவில் ஐஸ்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டுகள் வழிந்து சமையலறை குளமாகிக்கொண்டிருந்தது.

“என்ன கூத்து இது? யாரு துடைக்கறது?”

“நான்தான். மிதிச்சிடாதே. ஒரே சைஸ்ல அஞ்சு துண்டு அறுத்துட்டு வந்தேன்.”

“எதுக்கு? எது ரொம்ப நேரம் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“அது தெரியும். எது முதல்ல உருகும்னுதான் தெரியாது.” அவர் நிமிர்ந்து பார்த்தார். “பதினாலு வருஷத்துல யாரும் கேக்கலையே. சூடு எந்தத் துணியில சுலபமா உள்ள போகுதோ, அதுலதானே சுலபமா வெளியவும் வரும்? பாப்பாவுக்கு உள்ள அடுப்பு எரியுதுன்னு நீதானே சொன்னே.”

அவள் ஈரத்தலையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கத்தியபோது வாயில் வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அதை இந்த மனிதர் எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் யோசித்திருக்கிறார். தனக்குத் தெரிந்த தொழில் முழுவதையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார். இந்த ஆளையா புரியாத ஜென்மம் என்று நினைத்தோம்!

“லைனிங்தான் ஜெயிக்கும்,” என்றாள். “அதுதான் மெல்லிசு.”

“பாக்கலாம்.”

இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தார்கள். மல் துணிதான் முதலில் தொய்ந்து தட்டோடு படுத்தது. அடுத்துத்தான் லைனிங். ஈரமானதும் அது ஐஸோடு போய் ஒட்டிக்கொண்டது. பிள்ளை உடம்பில் ஒட்டினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குப் பார்த்த உடனே புரிந்தது. கம்பளியைப் பிரித்தபோது உள்ளே கட்டி அப்படியே பளபளத்தது. ஐஸ்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இதுக்குள்ளயா போட்டேன் அவளை,” என்று சொல்லிவிட்டு, பழைய துணியை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

அதன் பிறகு அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. புது மல் துணியை அலசி உலர்த்தி, சதுரமாக வெட்டினாள். “நேரா வெச்சுச் சுத்தினா துணி இறுக்கும். இப்படி மூலையை மேல வெச்சு, கிராஸ்ல சுத்துங்க. கிராஸ்ல துணி இழுபட்டு இடம் கொடுக்கும். பாப்பா மூச்சு விட்டா கூடவே விரியும்.” நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும், கால் மடக்கி நீட்டத் தாராளமாக இடம் வேண்டும், மல்லாக்கத்தான் படுக்கப் போட வேண்டும், துணி முகத்துப் பக்கமே வரக் கூடாது. ஒரே சுற்று. அவர் தலையணையை வைத்து முப்பது தடவை சுற்றிப் பார்த்தார். அவள் எண்ணினாள். முப்பதேதான்.

ஆனால் சூடு? துணி எவ்வளவு மெல்லிசானாலும், வேர்க்கும்போது தெரிய வேண்டுமே. அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர் கையைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டி உள்ளே வந்த ஆளைப் பார்த்து அவள், “யாருங்க வேணும்?” என்று கேட்டேவிட்டாள்.

தாடி இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வளர்ந்த தாடி அது. ஃபேக்டரியில் அந்தத் தாடியைச் சொன்னால்தான் ஆளைத் தெரியும். சீப்பு போட்டு வாருவார். அவளே எத்தனை தடவை எடுக்கச் சொல்லியும் மசியாத தாடி. இப்போது கன்னமும் தாடையும் வெளுத்து, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி நின்றார்.

“ஏங்க! என்ன இது?”

“கைதானே மரத்துப்போச்சு,” என்றார் ஐஸ்காரர். “கன்னம் நல்லாத்தானே இருக்கு. முடிதான் மறைச்சுது.”

குனிந்து, தூங்காமல் கண்ணை உருட்டிக்கொண்டிருந்த மகளின் கழுத்தோரம் தன் புதுக் கன்னத்தை வைத்தார். “இதோ, இப்ப சூடு தெரியுது,” என்றார். மிளகாய் இந்தத் தாடியில்லாத முகத்தைப் பார்த்து ஒரு கணம் திகைத்து, பிறகு வீல் என்று கத்தினாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லாவே இல்ல மூஞ்சி,” என்றாள்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு வெட்டு மேசை முன்னால் நின்றாள். சீருடைத் துணியை எட்டு மடிப்பாக விரித்து, சாக்பீஸால் கோடு போட்டாள். கத்தரியை எடுக்கவில்லை. எட்டு மடிப்பில் ஒரு தப்பு வெட்டு என்றால் எட்டு சட்டை போய்விடும். மனசு வேறெங்கோ இருக்கிற நாளில் வெட்டக் கூடாது. மறுபடியும் அளந்தாள். மறுபடியும் கோடு போட்டாள். கடையில் ஆறு மெஷின் ஓடிற்று, அவள் காதில் அழுகைதான் கேட்டது.

மூன்று மணிக்கு, “நூல் கம்மியா இருக்கு மாஸ்டர், வாங்கிட்டு வந்திடறேன்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நூல்கடை வலது பக்கம். அவள் இடது பக்கம் திரும்பினாள்.

படியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். அழுகை இல்லை. அதுவே பயமாக இருந்தது. ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது.

மிளகாய் பாயில் மல்லாக்கப் படுத்திருந்தாள். மல் துணி ஒரே சுற்று, மூலை மடிப்பு நேராக இருந்தது. துணிக்குள் ஒரு முறை கைகள் துள்ளின. துணி இடம் கொடுத்தது, பிறகு மெதுவாக அணைத்துக்கொண்டது. குழந்தை உதட்டைச் சப்பிவிட்டுத் தூங்கிற்று. தூங்கிற்று! காற்று குழந்தை மேல் நேரே அடிக்காதபடி மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் பனியன் நனைந்து உட்கார்ந்திருந்தார். அதிகாலையிலிருந்து ஐஸ் தூக்கிய உடம்பு, கண் செருகியது. உடனே உலுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முழங்கால் போட்டுக் குனிந்து, கன்னத்தை மகள் கழுத்தோரம் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். சரி என்று தனக்குத்தானே தலையாட்டிவிட்டு நிமிர்ந்தார். அவள் அங்கே நின்ற நேரத்துக்குள் இன்னும் இரண்டு தடவை அதே மாதிரி குனிந்தார்.

கூப்பிட வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை. சந்தோஷத்தில் தெருமுனை வரை செருப்பைக் கையிலேயே தூக்கிக்கொண்டு வந்தாள். கால் சுட்ட பிறகுதான் போட்டுக்கொண்டாள்.

“நூல் எங்கம்மா?” என்றார் மாஸ்டர்.

அப்போதுதான் அவளுக்கு நூல் ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாஸ்டர் அவள் முகத்தையும், தூசி படிந்த காலையும் பார்த்தார். அவரும் மூன்று பிள்ளை பெற்றவர்.

“குழந்தையை யாரு பாத்துக்கறா?” என்று மறுபடியும் கேட்டார்.

“அவங்க அப்பா,” என்று சொல்லிவிட்டு, அவள் கத்தரியை எடுத்து எட்டு மடிப்பையும் ஒரே வெட்டாக வெட்டினாள்.