ஏ பிளாக்கின் லிஃப்ட்

நாலாவது மாடிக்காரிக்கு லிஃப்ட் நின்றால் உலகமே நின்ற மாதிரிதான். முத்தாரம்மாளுக்கு அது நின்று ஒரு மழைக்காலமே போய்விட்டது. பாலுக்கு இறங்கி, மருந்துக்கு இறங்கி, முட்டி இரண்டும் ஓய்ந்துபோயின. அதுகூடப் போகட்டும். வீட்டுக்காரர் கோமதிநாயகத்துக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்திருந்தன. வாரம்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி செய்தால் கைகால் திரும்பும், விட்டால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பி பிளாக் விஜினும் இன்னும் மூன்று பேருமாகத் தூக்கி இறக்குவார்கள். போன தடவை படி வளைவில் நாற்காலி சரிந்தது. இனி என்னைப் பிணம் மாதிரி தூக்க வேண்டாம் என்று அவர் கட்டிலோடு கிடந்துவிட்டார்.

குடியிருப்பில் மொத்தம் மூன்று பிளாக். சங்கத் தலைவர் தேர்தலில் பிளாக்குக்கு ஒரு வாக்கு. அந்த பிளாக்கில் யாருக்கு அதிகம் பேர் போடுகிறார்களோ அவருக்கே அது முழுதாகப் போகும். இரண்டு பிளாக் பிடித்தவர் தலைவர். சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சட்டத்தை எழுதியவரே கோமதிநாயகம்தான். ஏ பிளாக் முழுக்க நாஞ்சில்நாட்டு, திருநெல்வேலிக் குடும்பங்கள். இப்போதைய தலைவர் பத்மகுமாருக்கு, நம்ம ஆள் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். சி பிளாக் அதேபோல எதிராளி விஜய்குமாருக்கு. நடுவிலிருக்கும் பி பிளாக்தான் ஒருமுறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமும் சாயும். ஆகவே பெயின்ட் பி பிளாக்குக்கு, ஜெனரேட்டர் பி பிளாக்குக்கு, லிஃப்ட் பழுது பார்ப்பதும் அங்கேதான் முதலில்.

இது அவளுக்கு விளங்கியது டி.வி.யில் அமெரிக்கத் தேர்தல் ஓடிக்கொண்டிருந்தபோது. கட்டிலில் கிடந்த மனிதருக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு. அவ்வளவு பெரிய நாட்டில் வேட்பாளர்கள் இரண்டு பேரும் ஏன் அந்த ஏழெட்டு மாநிலங்களையே சுற்றுகிறார்கள் என்று கேட்டாள். மற்றவை யாருக்கு என்று முன்கூட்டியே தெரியும், போட்டி நெருக்கமானால் இந்த ஊசலாடும் மாநிலங்கள்தான் ஜனாதிபதியைத் தீர்மானிக்கும், உறுதியான இடத்துக்கு எவன் மெனக்கெட்டுப் போவான் என்றார் அவர். கஞ்சிக் கரண்டியை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"அப்ப நம்ம பிளாக்குக்கு எவன் வருவான்? நீங்கதானே எழுதி வச்சிய."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காய்கறி வண்டியருகே, நாலு பேர் காதில் விழும்படி, இந்தத் தடவை யாருக்கென்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை என்றாள். பச்சைப் பொய். பத்மகுமாரைத் தவிர வேறு ஆளுக்குப் போட அவளுக்குக் கை வராது. ஆனால் படியேறிச் சலித்த மற்ற வீட்டுக்காரர்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். அன்று சாயங்காலமே பத்மகுமார் மூச்சிரைக்க நாலு மாடியும் ஏறி வந்து நின்றார். விஜய்குமாரும் பின்னாலேயே வந்து போனார். அந்த மனிதர் ஏ பிளாக் படிகளைப் பார்ப்பதே அதுதான் முதல் தடவை.

"மைனி, நீங்களே இப்பிடி சொன்னா எப்பிடி? நாம ஒரே ஆளுகல்லா" என்றார் பத்மகுமார்.

"அதனாலதானே தம்பி இத்தன நாளும் விட்டுட்டிய. எனக்கு இனி ஏற வய்யா."

அந்த வாரமே மெக்கானிக்குகள் வந்தார்கள். சனிக்கிழமை லிஃப்ட் ஓடியது. முத்தாரம்மாள் காரணமில்லாமல் இரண்டு தடவை ஏறி இறங்கினாள், உள்ளே தனியாக நின்று அழவும் செய்தாள். சாயங்காலம் விஜினின் மனைவி ஜெபமலர் வந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டபோது, வீட்டுக்கு யாரோ வருகிறார்கள்போல என்று நினைத்து எடுத்துக் கொடுத்தாள். அது கண்ணைவிட்டுப் போனதே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் வாக்குப்பதிவு. இரவல் வாங்கிய சக்கர நாற்காலியில் கோமதிநாயகத்தை லிஃப்டில் இறக்கினாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். பி பிளாக் படியில் விஜினும் வேறு சிலரும் நாற்காலி ஒன்றைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது அவளுடைய நாற்காலி. விஜினின் அம்மா தாசம்மாள் அதன் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

பி பிளாக் லிஃப்ட் புதன்கிழமையே நின்றுவிட்டதாம். மெக்கானிக்குகள் ஏ பிளாக்கில் இருக்கிறார்கள், தேர்தல் முடியட்டும் என்று பத்மகுமார் சொல்லிவிட்டாராம். முன்னால் வந்த ஜெபமலரின் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

"எங்க ஓட்டெல்லாம் பத்மகுமாருக்குத்தான்னு அவருகிட்ட முன்னமே சொல்லியாச்சுக்கா. பின்ன எங்ககிட்ட எதுக்கு வருவாரு?"

முத்தாரம்மாள் போய் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்து, கடைசிப் படிவரை இறக்கிவிட்டாள்.

பிறகு சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனாள். இரண்டே பெயர்கள். கோமதிநாயகம் இடது கையால் போட்டுவிட்டு வெளியே காத்திருந்தார். வரிசை நீண்டுகொண்டு போயிற்று. முடிந்ததா மைனி என்று பத்மகுமார் வெளியிலிருந்து கேட்டார்.

"இல்ல தம்பி. இன்னும் தீர்மானிக்கல்ல" என்றாள். இந்தத் தடவை அது பொய்யில்லை.