குற்றம் என்றிருந்த இடத்தில்

1

குதிங்கால் வெடிப்பில் உப்புத்தண்ணி ஏறினால் மண்டை வரைக்கும் சுரீர் என்னும். மரக்காணம் உப்பளத்தில் நானும் பாத்தி மிதித்தவன். இந்தக் கதை அந்த எரிச்சலில்தான் ஆரம்பித்தது. இங்கிலீஷ் அப்புறம் வந்து சேர்ந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பல நதிகள் வந்து கலந்த கடலைப் போல ஆங்கிலமும்...’

அடித்துவிட்டேன். மிதிக்கிறவளுக்கு நதி எதற்கு?

2

மழை விட்டதும், உப்பு விளைய விடுவதற்கு முன்னால், பாத்தித் தரையைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். 2004 டிசம்பரில் சவரியம்மாளுக்கும் பொன்னிக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தி. பொன்னி தபாலில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தாள். மிதித்துக்கொண்டே பாடத்தை ஒப்பிப்பாள். கேட்க சவரியம்மாளை விட்டால் ஆளில்லை.

(பொன்னியை அழகி என்று எழுதிப் பார்த்தேன். பொய். எத்துப்பல்.)

“ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த இங்கிலீஷ், இப்ப இருக்கிற வெள்ளக்காரனுக்கே புரியாதுக்கா. அப்புறம் ஃபிரெஞ்சு பேசறவன் வந்து ஆண்டான்.”

“பாண்டிச்சேரியிலயா?”

“அய்ய, இங்கிலாந்துலக்கா! அவன் வார்த்தையெல்லாம் உள்ள பூந்துடுச்சி. புக்குல உங்க ‘எங்கள் தந்தையே’ ஜெபத்த வச்சித்தான் காட்டறான். மன்னிக்கச் சொல்லிக் கேக்கற எடத்துல பழசுல ‘குத்தம்’. நானூறு வருஷம் கழிச்சி அதே எடத்துல ‘கடன்’. அதுக்கும் அப்பால ‘அத்துமீறல்’.”

“எங்க கோயில்ல குத்தம்னுதான்டி சொல்றோம்.”

“அப்ப நீங்கள்லாம் பழைய இங்கிலீஷ்காரங்க!”

இரண்டு பேரும் சேற்றில் நின்று சிரித்தார்கள்.

3

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு. சவரியம்மாள் பாண்டிச்சேரியில் தம்பி வீட்டில் இருந்தாள். “போய்ட்டு வாக்கா, உன் பாத்தியையும் நானே மிதிச்சிடறேன். பதிலுக்கு என் பரீட்சை அன்னிக்கு எனக்காக நீ எறங்கு” என்று பொன்னிதான் அனுப்பி வைத்தாள்.

அன்று காலை கடல்

(இந்த வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது. பொன்னி வீடு திரும்பவில்லை. அது போதும்.)

4

அடுத்த வருஷம், பரீட்சை நாள். சவரியம்மாள் விடிகாலையிலேயே பொன்னியின் பாத்தியில் இறங்கினாள்.

“அங்க ஆள் போட்டாச்சி சவரி. உன் பாத்திக்குப் போ” என்றார் மேஸ்திரி சிங்காரம்.

“எனக்குக் கூலி வேணாம்.”

“உனக்கு வேணாம். தையல்நாயகிக்கு வேணும் இல்ல?”

புதிதாக வந்த தையல்நாயகி வரப்பில் உப்பு வாரும் பலகையோடு காத்திருந்தாள். சவரியம்மாள் மேலே ஏறிவிட்டாள். தன் பாத்திக்குப் போய், குத்தம், கடன், அத்துமீறல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே உப்பு வாரினாள். வரிசை சரியா என்று சொல்ல ஆளில்லை.

5

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில், ஞாயிறு பூசையில் எல்லாரும் குற்றம் என்கிற இடத்தில் சவரியம்மாள் மட்டும் கடன் என்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் எப்போது மன்னிப்புக் கேட்டாள்? இறங்கி வேலை செய்ய ஒரு பாத்தியல்லவா கேட்டாள்.

இன்னொன்றில் சிங்காரம் மனசு இளகுகிறார். மேஸ்திரிகளை எனக்குத் தெரியும். கிழித்துவிட்டேன்.

உங்களிடம் வேறு முடிவிருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: சவரியம்மாள் பொன்னிக்கு ஒரு நாள் வேலை திருப்பித் தர வேண்டும். இன்னும் தரவில்லை.