தென்னரசைக் காப்பாற்ற எவ்வளவு பெரிய சூரியப் புயல் தேவை?

1

இந்தக் கதையைத் திருடினேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில், முன் இருக்கைக்காரர் போனில் சொன்ன ஒரே வாக்கியம்தான் மூலதனம்: "நான் வேணும்னு எடுக்காம இல்ல, சூரியன்ல புயலாம், டவரே கெடைக்கல." அவர் விக்கிரவாண்டியில் இறங்கிவிட்டார். மறுமுனை என்ன பதில் சொன்னது என்று தெரியாமல் எனக்கு மண்டை குடைந்தது. ஆகவே எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால், ஆதவன் தன் அக்கினி நாவை நீட்டி

வேண்டாம். அக்கினி நாவுக்கும் விக்கிரவாண்டிக்கும் ஒட்டாது.

இரண்டாம் தொடக்கம்: தென்னரசு திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் வேலை செய்கிறான். அவனுக்கு நிச்சயித்திருக்கும் கலைப்பிரியா விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்பது அவள் வைத்த ஒரே நிபந்தனை. அதைத் தன் அம்மா குப்பம்மாளிடம் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்த தென்னரசு, சொல்லவில்லை. பயம். அமாவாசை ராத்திரி, சொன்னானா என்று கேட்க அவள் விடாமல் கூப்பிட்டாள். அவன் எடுக்கவே இல்லை.

(இவன் கதாநாயகனா என்று கேட்காதீர்கள். எனக்கும் சந்தேகம்தான்.)

3

மறுநாள், விழுப்புரம் பேருந்து நிலையம்.

"சூரியன்ல புயலு. நியூஸ்லகூட சொல்லிக்கினு இருந்தாங்க. டவரே இல்ல."

"நான் கூப்பிட்டது ராத்திரியிலங்க. ராத்திரியில ஏது சூரியன்?"

தென்னரசு சூரியனையே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.*

"சரி, டவர் இல்ல. மேல்மலையனூர் கோயில்ல அம்மன் ஊஞ்சல் ஆடுறத அதே நேரத்துக்கு ஸ்டேட்டஸ்ல வெச்சீங்களே, அது மட்டும் எப்படி வந்துச்சு?"

"அது சாமி சமாச்சாரம். அங்காளம்மனுக்கு டவர் எதுக்கு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன், அம்மனைக் கண்டதும் பக்தி முற்றி அதைப் படம்பிடித்து ஊருக்கே காட்டியிருக்கிறான். இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

* சூரிய வெடிப்பின் கதிர்கள் எட்டு நிமிடத்தில் வந்து பகல் பக்கத்துச் சிற்றலை வானொலியைத்தான் கெடுக்கும். ஆனால் சில வெடிப்புகளோடு ஒரு துகள் மேகமும் கிளம்பும். அது ஓரிரு நாள் கழித்து வந்து சேரும். அதற்கு ராத்திரி பகல் கிடையாது. இது தெரிந்திருந்தால் தென்னரசு கொஞ்சம் தப்பித்திருப்பான். எனக்குத் தெரியும். சொல்லித் தரவில்லை.

4

இப்போது எனக்குத்தான் பேஜார். திட்டித் திட்டியே அவன்மேல் பிரியம் வந்துவிட்டது. அவன் பொய்யை மெய்யாக்க என்னால் முடியும்; கதை எழுதுகிறவனுக்குச் சூரியன் கைக்கெட்டும் தூரம்தான்.

சின்னதாக ஒரு புயல் விட்டுப் பார்த்தேன். நடுக்கடலில் கப்பல் வானொலி கரகரத்தது, ஜிபிஎஸ் வழி தடுமாறியது. தென்னரசின் செல்போனில் சிக்னல் கோடு எல்லாம் நிறைந்திருந்தது. பெரிதாக்கினேன். 1989இல் கனடாவில் நடந்ததுபோல், நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்சாரம் புகுந்து ஒரு மாகாணமே இருண்டது. திண்டிவனத்தில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் புயல் துருவத்தின் பக்கம்தான் அதிகம் தாக்கும்; நாம் அங்கிருந்து அவ்வளவு தூரம். இன்னும் பெரிதாக்கினால் பாதி உலகத்தின் மின்மாற்றிகள் வெடித்து, ஆஸ்பத்திரிகளில்

[நிறுத்திவிட்டேன். ஒருவன் அம்மாவிடம் பேசப் பயப்படுகிறான் என்பதற்காக இதையெல்லாம் செய்வது அநியாயம்.]

5

கலைப்பிரியா எனக்காகக் காத்திருக்கவில்லை.

"இப்ப சூரியன் நல்லாதான இருக்குது?"

"இருக்குது."

"உங்கம்மாவுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல. இல்லன்னா பத்திரிகை அடிக்க வேணாம்னு எங்க வீட்ல சொல்லிடுறேன்."

அது வெறும் மிரட்டல் இல்லை. தென்னரசுக்கும் அது புரிந்தது. போட்டான்.

முடிவு அ: "அதுக்கென்னாடா, போகட்டும்" என்கிறார் குப்பம்மாள். (அடித்துவிட்டேன். அந்த அம்மாவை எனக்குத் தெரியும்.)

முடிவு ஆ: கலைப்பிரியா போனைப் பிடுங்கித் தானே பேசி (இதுவும் வேண்டாம். வாக்குக் கொடுத்தது அவள் இல்லை.)

குப்பம்மாள் எடுத்துவிட்டார். "சொல்லுடா."

தென்னரசு போனைப் பார்க்கவில்லை, கலைப்பிரியாவைப் பார்க்கவில்லை. அண்ணாந்து என்னைப் பார்க்கிறான். "சார், சின்னதா ஒண்ணு விடுங்க சார்."

என்னால் மறுக்க முடியாது. அதனால் சூரியனை வாசகர் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறேன். பெரிதோ சிறிதோ, உங்கள் இஷ்டம்.

ஆனால் கலைப்பிரியாவும் நிமிர்ந்துவிட்டாள். உங்களைத்தான் பார்க்கிறாள்.

"நீங்க சும்மா இருங்க. அவரு பேசட்டும்."