பார்க்காமல் வரைந்த குதிரை

நவம்பர் 14, செவ்வாய்.

இன்று ஒரு சிறு தவறு: வரைந்து முடித்த பிறகுதான், பார்த்து வரைய வேண்டிய படத்தைத் தேடினேன்.

எங்கள் மாலை வகுப்பில் பழைய பாணி வீடியோ கேமுக்குக் கட்டம் கட்டமாக எதை வரைந்தாலும், எந்தப் படத்தைப் பார்த்து வரைந்தோம் என்று பக்கத்திலேயே ஒட்டிக் காட்ட வேண்டும். வகுப்பு சேர்ந்து செய்யும் கேமில் நாயகனின் குதிரை என் பொறுப்பு. சனிக்கிழமை அதை வெளியாட்களுக்குக் காட்டப்போகிறோம்.

"குதிரை மேலயே வளர்ற கிர்கிஸ்காரன் குதிரை வரையப் படம் பாப்பானா?" என்று போன வாரம் கூடப் படிக்கும் இன்னா கிம்மிடம் பீற்றிக்கொண்டவன் நான். வளர்ந்ததோ தலைநகர் பிஷ்கெக்கில், ஒன்பதாவது மாடியில். குதிரை மேல் ஏறியது ஒரே ஒரு தடவை, அதுவும் மாமா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க.

மனதில் இருந்ததை வரைந்தேன். பிறகு இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு குதிரைப் பாய்ச்சல் படத்தை ஒட்டினேன்.

வகுப்பெடுக்கும் சைகால் அக்கா இரண்டையும் திரையில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தார். படத்தில் குதிரை அந்தரத்தில் இருந்தபோது நான்கு கால்களும் வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன. என்னுடையதில் முன்னே இரண்டும் பின்னே இரண்டும் விறைத்து நீண்டிருந்தன.

"டேய் பெக்தூர், குதிரை ஓடுதா, பனியில வழுக்கி விழுதா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"இதப் பாத்துதான் வரைஞ்சியா?" அக்கா கேட்டார்.

"ஆமாக்கா. எங்க மாமாவோட குதிர."

ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை.

"ஒங்க மாமா குதிரைக்கு நம்பர் துணி போட்டுத்தான் மேய்ச்சலுக்குப் போவாரா?" என்றாள் இன்னா.

படத்தில் சேணத்துக்குக் கீழே தொங்கிய துணியில் பெரிதாக 7; அது பந்தயக் குதிரை. ஒட்டும்போதுகூட அந்தப் படத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வியாழக்கிழமைக்குள்ள கால சரி பண்ணிக் கொண்டா. இல்லேன்னா நாயகன் நடந்தே போகட்டும்."

கிர்கிஸ் நாயகன், கால்நடையாக! அதுவும் என்னால்.

படிக்கட்டில் இன்னா நிறுத்தினாள். "ஞாயித்துக்கிழம பந்தய மைதானத்துல பக்கவாட்டுல நின்னு நான் எடுத்த குதிர வீடியோ இருக்கு. அனுப்பவா?"

"எனக்கெதுக்கு?" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி மனதிலிருந்தே வரைந்து பார்த்தேன். அதே விறைத்த கால்கள்.

நாளை: வேலைக்குக் கிளம்புமுன் இன்னாவுக்குப் போன் செய்து வீடியோவைக் கேட்க வேண்டும். நிறுத்தி நிறுத்திப் பார்த்து, முதலில் பின்கால்களை வரைய வேண்டும்.