மூன்று நாற்காலிகள்

நோன்பு தொடங்கி மூன்றாம் நாளே வர்தீனா போன் போட்டு, இந்தப் பெருநாளுக்கு நீலம்தான் உடுத்தவேண்டும் என்று அப்பா ஹில்மியிடம் வாக்கு வாங்கிவிட்டாள். வயது ஆறுதான், பிடிவாதம் அறுபதுக்கு. மலேசியாவின் பாசிர் மாஸில் பெருநாளன்று ஒரு குடும்பம் முழுக்க ஒரே நிறத்தில் உடுத்தும். யார் வீட்டுப் பிள்ளை என்று துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம். விவாகரத்தாகி இரண்டு வருஷம் போயும் மகள் தன் நிறத்தில் வர ஆசைப்படுகிறாளே என்று ஹில்மிக்குப் பெருமைகூட.

ஆனால் புது மனைவி ஹஸ்லிண்டா மஞ்சள் துணியெடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டாள். வர்தீனாவுக்கும் சேர்த்துத்தான், அவளைக் குறை சொல்ல முடியாது. புது மாப்பிள்ளைக்கு வாயேது? ஒரு நிறத்துக்காக வீட்டில் வம்பு எதற்கு, குழந்தைதானே, மறந்துவிடும் என்று இருந்துவிட்டான். குழந்தைகள் மறந்துவிடும் என்பது பெரியவர்கள் தங்கள் வசதிக்குச் சொல்லிக்கொள்வது.

பெருநாளின் முதல் நாள் தாயிடம், இரண்டாம் நாள் தந்தையிடம் என்று பேச்சு. இரண்டாம் நாள் காலை மஞ்சள் சட்டையோடு, மகளின் மஞ்சள் உடுப்பையும் எடுத்துக்கொண்டு பழைய வீட்டு வாசலில் போய் நின்றான். வர்தீனா நீலத்தில் ஓடிவந்தாள். பின்னால் வந்த அவள் அம்மா ரொஸ்மாவாத்தியும் நீலம்.

ஓடிவந்தவள் பாதியில் நின்றாள். அவன் சட்டையைப் பார்த்தாள், அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை.

"உங்ககிட்டயும் நீலந்தான் சொன்னாளா?" என்று ரொஸ்மாவாத்தி மெல்லக் கேட்டாள். "என்னைப் பச்சை எடுக்கவே விடல. போட்டோ எடுக்கணும்னு காலையிலேயே நாற்காலி போட்டு வச்சிட்டா."

மாமரத்தடியில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஹில்மிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. இப்போதே எடுத்துக்கொள்ளலாம் வா என்று கூப்பிட்டான்.

"வேணாம்ப்பா. நிறம் சேராது" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் உடுப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மஞ்சளுக்கு மாறிக் காரில் ஏறியவள், பாலம் தாண்டியதும் கேட்டாள்.

"நான் போன்ல சரியாச் சொல்லலையாப்பா?"

"நீ சரியாத்தாம்மா சொன்னே. அப்பாதான் தப்புப் பண்ணிட்டேன்."

அவள் நம்பவில்லை. மஞ்சள் மடியில் கைகளை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"அடுத்த பெருநாளுக்கு இன்னும் சத்தமாச் சொல்றேன்" என்றாள்.